ஆலைக்குள் எச்சில் கிடையாது

எங்கள் ஊர் நெசவாலையை ஆற்றில் வந்த வெள்ளம் நிறுத்தியதில்லை. விஷக்காய்ச்சல் வந்து ஊரில் பாதிப் பேர் பாயில் கிடந்தபோதும் அது நின்றதில்லை. அதை நான் நிறுத்தினேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஆயுதம், ஒரு பக்கம் கடித்த கொய்யாப்பழம். கல்லூரி விடுதியில் இதைச் சொன்னால் என் அறைக்காரிகள் தலையணையை எடுத்து எறிகிறார்கள். எறியட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஆலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் தகரம் வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை, ஒரு புகைபோக்கி, ஒரு துரை. இன்றைக்கு அங்கே ஆடு மேய்கிறது. ஆனால் பெரிய சண்டை நடந்த அந்தக் காலத்தில் அங்கிருந்துதான் பட்டாளத்துக்குத் துணி போயிற்று. அதனால் காலையில் சங்கு ஊதுவது ஒரு நாளும் தவறாது. அப்பா அங்கே தறி ஓட்டினார். ஆலைக்குப் பின்னால், ஆலைக்காரர்கள் கொடுத்த வீட்டில் நாங்கள் இருந்தோம்.

தறியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய, சின்னப் படகு மாதிரி ஒரு மரக்கட்டை உண்டு. நாடா என்பார்கள். அதற்குள் இருக்கும் நூல் தீர்ந்ததும் புது நூல் போட்டு, அதன் முனையைப் பக்கத்திலிருக்கும் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது? துளையில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு. நூல் நாக்குக்கு வந்துவிடும். நாள் முழுக்க இதே வேலை. நாடா ஆலைச் சாமான் என்பதால் இன்று ஒருவர் தறியில் கிடப்பது நாளை இன்னொருவர் தறியில் கிடக்கும். ஆக, அந்தக் கொட்டகையில் இருந்த எல்லா வாயும் எல்லா நாடாவிலும் பட்டிருந்தன.

வீட்டில் எச்சில் சட்டம் எப்படி என்றால், தம்ளரில் உதடு பட்டால் அம்மாவின் கை என் முதுகில் படும். தம்பி கடித்த முறுக்கை நான் தின்றால் இரண்டு பேருக்கும் விழும். சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கும்போது அப்பா மட்டும் தப்பிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டே விட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே, "மில்லுக்குள்ள எச்சி கிடையாதுட்டி" என்றார். அது அப்பாவின் சொந்தச் சரக்கு அல்ல. தறிக் கொட்டகையில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்பதைப் போல நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு தறிக்குப் போனவர்களை மாலையில் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்துத் தறிக்காரர் அப்படித்தான் வந்தார். அந்த வாரமே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அவர் தறியை ஓட்ட வேறொருவரை நிறுத்தினார்கள். அவர் அதே நாடாவை உறிஞ்சினார், அவரும் படுத்தார். அடுத்து மேஸ்திரி அப்பாவைக் கூப்பிட்டு அந்தத் தறியையும் சேர்த்து ஓட்டச் சொன்னார்.

மேஸ்திரி என்பவர் துரைக்கும் தறிக்காரர்களுக்கும் நடுவே நின்ற ஒரு தலைப்பாகை. அப்பா அவரிடம் புது நாடா கேட்டார்.

"நாடா என்ன உம்ம வீட்டம்மா வளையலா, ஆளுக்கு ஒரு சோடி குடுக்க? இருக்கத வச்சு ஓட்டும் வே."

வீட்டுக்கு வந்து அப்பா இதை அம்மாவிடம் சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னப் படித்தவள் அவள். தன் பெட்டியைத் திறந்து, நுனியில் கொக்கி உள்ள நீள ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நாடாவின் துளைக்குள் விட்டு இழுத்தால் நூல் கொக்கியில் மாட்டிக்கொண்டு வரும், வாய் எதற்கு என்றாள்.

மறுநாள் அப்பா ஊசியோடு போனார். மதியம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் ஆண்பிள்ளைகள் கையில் லேஸ் ஊசி இருந்தால் கொட்டகை சும்மா இருக்குமா?

"என்னவே, பாவாடைக்கு ஓரம் பின்னுதீரா?" என்றாராம் ஒருவர். "எனக்கும் ஒரு தொப்பி பின்னிக் குடும், குளிருக்கு ஆவும்" என்றாராம் இன்னொருவர். காய்ச்சலுக்கு அடுத்த பலி தாங்களாக இருக்கலாம் என்பது அந்த மகான்களுக்கு உறைக்கவே இல்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி ஊசியைப் பிடுங்கினார். "இத வச்சுத் தோண்டிக்கிட்டு நிக்கேரு, அங்கன தறி நிக்குது. தொரை பாத்தா என் தோல உரிச்சுப்போடுவாரு" என்று ஜன்னல் வழியாக வெளியே இருந்த முள்ளுக்குள் எறிந்தார். நாளை மதியச் சங்குக்குள் செத்தவர் நாடாவில் நூல் மாட்டுவதைத் தானே எதிரில் நின்று பார்க்கப் போவதாகவும் சொன்னார். அப்பா நாடாவை வாயால் உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் வேலையையும் வீட்டையும் விட்டுவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடந்த சண்டையை நான் விளக்குக்குத் திரி போடுவது போலப் பாவனை செய்துகொண்டு முழுவதும் கேட்டேன்.

"நாளைக்கு நீங்க போவாண்டாம்."

"நான் போவலன்னா கேட்டுல பத்துப் பேரு நிக்கான். இந்த வீடு நம்ம வீடா?"

"செத்துப்போனவரு எச்சிய உறிஞ்சிட்டு வந்து நீங்களும் படுத்தா, அப்ப மட்டும் இந்த வீட்டுல விடுவாங்களா?"

"மில்லுக்குள்ள எச்சி..." என்று அப்பா பழைய சட்டத்தை எடுத்தார்.

"எச்சிக்கு மில்லு தெரியுமா, வீடு தெரியுமா?" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆக, சட்டம் பொய். இத்தனை நாளாக அப்பா மட்டும் அடி வாங்காமல் தப்பித்திருக்கிறார்.

மறுநாள் மதியம் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்குவாளியை நான்தான் கொண்டுபோனேன். வழியில் வேதக்கோயில் தோட்டத்துக் கொய்யா ஒன்று கிடைத்தது. ஒரு கடி கடித்துக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு நேரம், இன்ஜின் நின்றிருந்தது. வழக்கமாக என்னைப் பார்த்ததும் மூலைத் தறியிலிருந்து ஒரு மாமா, நாடாவுக்குள் நூல் சுற்றிவைக்கும் சின்ன மரக்கட்டைகளில் காலியானவற்றை எனக்கு விளையாடத் தருவார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து வருபவர் அவர். எங்கள் கோயிலுக்கும் வருவார், வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சில் உட்காருவார். அன்று அவரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லாரும் நூல் மாட்ட எடுத்த நாடாவும் கையுமாகத் தத்தம் தறியருகே நின்று, செத்துப்போனவரின் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் மேஸ்திரி, கையில் பித்தளைச் செம்பு. அவர் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதை ஆலையே வேடிக்கை பார்க்கும். ஒரு சொட்டு உதட்டில் படாது. அன்றும் அப்படிக் குடித்து முடித்துவிட்டு, "சங்கு ஊதுததுக்குள்ள நூல மாட்டும். என் கண்ணு முன்னால உறியும் வே, பாப்போம்" என்றார்.

அப்பா நாடாவைக் கையில் எடுத்தார். ஒரு முறை தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா, அது எச்சி" என்றேன்.

தறி ஓடும்போது அந்தக் கொட்டகையில் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. இன்ஜின் நின்ற நேரத்தில் என் குரல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. அப்பாவின் கை அப்படியே நின்றது.

மேஸ்திரி சிரித்தார். "ஏட்டி, மில்லுக்குள்ள எச்சி கிடையாது. ஒங்கப்பன்ட்ட கேளு."

"நெசமாவா மாமா?"

"நெசந்தான்."

"அப்ப இதக் கடிங்க" என்று கொய்யாவை நீட்டினேன்.

நான் கடித்த பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது, என் பல் தடம் வரிசையாகத் தெரிந்தது. மேஸ்திரி பாம்பை மிதித்தவர் போலப் பின்னால் குதித்தார். முதுகு தறிக் கட்டையில் இடித்தது, செம்பு உருண்டு ஓடியது. "ச்சீ, அங்கன போ ஏட்டி. எச்சிப் பண்டத்த மூஞ்சிக்கு நேர நீட்டுதா பாரு."

"நாம மில்லுக்குள்ளதான மாமா நிக்கோம்?"

அவர் நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். அவர் தறியைச் சுற்றினார், நானும் பழத்தை நீட்டிக்கொண்டே சுற்றினேன். எனக்கு அது விளையாட்டா வழக்கா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வயதுவந்த ஒரு தலைப்பாகை ஒரு கொய்யாப்பழத்துக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்துக் கொட்டகை குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். அடங்கியதும் ஒவ்வொருவரும் தன் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார்.

அங்கிருந்தவர்களிலேயே மூத்த தறிக்காரர் தன் நாடாவைப் பைய எடுத்துத் தறிமேல் வைத்தார். "புள்ள கேக்கது நியாயந்தான வே. எவன் எவன் எச்சியயோ இத்தன நாளா உறிஞ்சிருக்கோம்" என்றார். சொல்லும்போது அவர் கண் ஒரு நொடி மூலைத் தறிப் பக்கம் போய்த் திரும்பியது. அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர். டக், டக் என்று மரத்தின்மேல் மரம் வைக்கும் சத்தம் கொட்டகை நெடுகப் போயிற்று.

மூலைத்தறி மாமா மட்டும் நாடாவைக் கையிலேயே வைத்திருந்தார். "ஏ புள்ள, என் எச்சியுமா?" என்று கேட்டார்.

"ஆமா, ஒங்க எச்சியுந்தான்" என்றேன். சட்டம் என்றால் எல்லாருக்கும் பொதுதானே.

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். வேண்டியதற்குமேல் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு நாடாவைக் கீழே வைத்தார்.

சங்கு ஊதியது. இன்ஜின் ஓடியது, தலைக்குமேல் பெல்ட்டுகள் சுழன்றன, ஒரு தறியும் அசையவில்லை. அந்த வினோதச் சத்தத்தைக் கேட்டுத் துரையே வந்துவிட்டார், மூக்கில் தைலம் நனைத்த கைக்குட்டையோடு. மேஸ்திரி அவரிடம் என்னென்னவோ இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். எச்சிலுக்கு அவரிடம் இங்கிலீஷ் இல்லை. நாக்கை நீட்டிக் காட்டினார். துரைக்குக் கோபம் வந்தது.

அப்போது அப்பா முன்னால் வந்தார். வீட்டில் அம்மா முன்னால்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். நாடாவை இரண்டு கையாலும் ஏந்தி, "தொரை, இது செத்துப்போனவரு நாடா. நீங்க ஒரு தடவ உறிஞ்சிக் காட்டுங்க. அப்புறம் நாங்க சாயங்காலம் வரைக்கும் உறியுதோம். இல்லன்னா, நூல் இழுக்க நேத்து நான் கொண்டாந்த ஊசியக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

துரைக்குத் தமிழ் புரியும். கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டு பின்னால் போனார். மேஸ்திரி பின்வாங்கியது எச்சிலுக்கு, துரை பின்வாங்கியது காய்ச்சலுக்கு. ஆனால் இருவரும் போய் நின்றது ஒரே இடத்தில்தான். அதைக் கொட்டகை முழுவதும் பார்த்தது. பார்த்தது என்பது துரைக்கும் தெரிந்தது.

"அந்த ஊசி எங்கே?" என்றார் துரை.

"நேத்தே நான் சொன்னேனுங்க, ஊசிதான் நல்லதுன்னு" என்றார் மேஸ்திரி, கண்ணைச் சிமிட்டாமல். பிறகு ஜன்னலுக்கு வெளியே போய்த் தானே முள்ளுக்குள் குனிந்து தேடினார். தலைப்பாகை முள்ளில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட ஒருவரும் போகவில்லை.

கொல்லர் குடைக்கம்பிகளை வளைத்துக் கொக்கி போட்டுக் கொடுத்தார். அம்மா ஆலை வாசலில் நின்று இழுத்துக் காட்டினாள். பாவாடை ஓரம் கேட்டவர்தான் முதலில் வந்து, "மதினி, எனக்கு இன்னொரு தடவ காட்டுங்க" என்றார். செத்தவரின் தறியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே அப்பா ஓட்டினார். அவர் படுக்கவில்லை. இன்றைக்கும் திண்ணென்று இருக்கிறார், என் விடுதிச் செலவைப் பற்றிப் புலம்பும் அளவுக்கு. மழைக்காலம் முடிந்ததும் காய்ச்சலும் ஓய்ந்தது. போதகர் அதை ஜெபத்தின் கணக்கில் எழுதினார். அம்மா ஊசியின் கணக்கில் எழுதினாள். நான் கொய்யாவின் கணக்கில் எழுதி, அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தேன்.

ஊசி ஆலைச் சாமான் என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொட்டகை வாசலில் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, தறிக்காரர்களின் ஊசிகளை அதில் மாட்டினார்கள். மூலைத்தறி மாமாவின் ஊசி மட்டும் அந்தப் பலகையில் இல்லை. எதிர்ச் சுவரில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், அவருக்கென்று ஒரே ஓர் ஆணி. நல்ல புது ஆணி.

அந்த மாமாவைத் துரையே நேரில் கூட்டிவந்து தறியில் நிறுத்தினார் என்பதும், அன்றைக்கு வேலையை விடவும் மனமில்லாமல் அவர் தொட்டதை வாயில் வைக்கவும் மனமில்லாமல் தவித்தவர்கள், தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்ததுதான் 'மில்லுக்குள் எச்சில் கிடையாது' என்ற சட்டம் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சட்டத்தைத்தான் நான் ஒரு கொய்யாவால் உடைத்திருந்தேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருக்கு மட்டும் தனி மரியாதை நடக்கிறது என்பதுதான். வழக்கம்போல அவர் எனக்கு மரக்கட்டைகள் கொடுத்தார். இந்த முறை கையில் கொடுக்காமல் தரையில் வைத்து, என் பக்கம் உருட்டிவிட்டார். நான் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, நம்ம ஊசிக்கும் ஜன்னல் பக்கத்துல அதே மாதிரி தனி ஆணி கேளுங்கப்பா."

துரையையே பின்வாங்க வைத்த அப்பா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் வெளியே நடந்தார்.