லாண்டி விருந்தாளியாகத் தங்கிய இரவு

லாண்டி கனூலுக்கு ‘ஆமாம் லாண்டி’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். எதைச் சொன்னாலும் ஆமாம் என்பாள். மழை வரும் போலிருக்கிறது என்றால் ஆமாம் அக்கா. வராது போலிருக்கிறது என்றாலும் ஆமாம் அக்கா. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு பல் டாக்டர் வீட்டில் நான் சமையல், அவள் துணி துவைப்பு. அந்த வீட்டம்மா, தான் தொலைத்த தோட்டை லாண்டி எடுத்துவிட்டாள் என்று சொன்னபோதுகூட இவள் இல்லையென்று சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் கத்தினேன். தோடு மறுநாள் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

லாண்டியின் புருஷன் கன்கூனுக்கு, கடற்கரை ஓட்டலில் பரிமாறுகிற வேலைக்குப் போனான். முதல் இரண்டு மாதம் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அன்று முதல் லாண்டியும் மகள் சுவேமியும் நாத்தனார் ஹெனி வீட்டு நடையில் ஆளுக்கொரு நூல்வலைத் தூளி கட்டிப் படுத்தார்கள். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கும் படுக்கை தூளிதான். நடை என்றால் கொல்லைக்குப் போகிற வழி. வீட்டில் யார் எழுந்து போனாலும் இவர்கள் தூளிக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும். ஹெனியும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். “உங்க அம்மாவும் நீயும் வழிய அடைச்சுக்கிட்டே வாழ்ந்துருவீங்க போல” என்று அந்தப் பெண் காதுபடவே சொல்வாள். சுவேமிக்கு அப்போது பதினாறு வயது. அந்த நடையில்தான் உடை மாற்றுவாள், அம்மா சேலையளவு துணியை விரித்துப் பிடிக்க.

அதனால்தான் லாண்டிக்கு இந்த விடுதி வேலை உயிர். எங்கள் ஊர் மெரிதாவில், சந்தியாகோ சந்தைக்குப் பின்தெருவில் ஆறே அறை கொண்ட விடுதி. அவள் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறியது வாழ்க்கையில் முதல் முறை அங்கேதான். இடைவெளி இல்லாமல் வேலையில் இருந்தால் அரசாங்க வீட்டுக் கடனுக்குத் தகுதி வரும். நான் சொல்லப்போகிற இது நடந்த ஏப்ரலில் அவளுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. வேலை போனால் மறுபடி முதலிலிருந்து. சுவரில் ஒட்டிய நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

விடுதியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, அது அழகைக் கெடுக்குமாம். டாக்ஸிக்காரர்கள் தெருவை மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு முக்காலி, ஒரு மண்குடுவை. அலமாரி இல்லை. சட்டையை எங்கே மாட்டுவது என்று விருந்தாளிகள் என்னிடம் வந்து கேட்பார்கள், சமையல்காரியிடம். காலையில் ஒரு பெரிய தட்டில் மூன்று துண்டு பப்பாளி வைக்கச் சொன்னார் முதலாளி. நாலாவது துண்டு வைத்தால் எடுத்துவிடுவார்.

முதலாளி ஃபாபியான் தலைநகரத்துக்காரர், வீடு கட்டும் படிப்புப் படித்தவர், நாற்பது வயதிருக்கும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சம்பளம் நாள் தவறாது. ஆனால் பழைய வீட்டை வாங்கியதும் முதல் வேலையாகச் சுவர்களில் இருந்த தூளிக் கொக்கிகளை எல்லாம் அறுத்து எறிந்து, மேலே வழவழவென்று பூசச் சொன்னார். எங்கள் ஊரில் கொக்கி இல்லாத சுவரைச் சிறையில்கூடப் பார்க்கமுடியாது. அறுத்துவிட்டு, முன்பக்கத்துப் பெரிய அறையில் மட்டும் தன் சிற்பி நண்பர் செய்த இரண்டு இரும்பு வளையங்களை எதிரெதிர்ச் சுவரில் பதித்தார். அந்த அறைக்கு அது ஒன்றுதான் அலங்காரம்.

விருந்தாளிகள் படத்தில் பார்த்து ஆசையாக வந்தார்கள். மூன்று நாளுக்குப் பதிந்தவர்கள் ஒரு நாளில் போனார்கள். கண் சிவந்து, முகம் வீங்கி. படம் மாதிரி அழகு, ஆனால் தூக்கம் வரவில்லை என்று போய் இணையத்தில் எழுதினார்கள். ஏப்ரல் வெயிலில் தடித்த மெத்தையில் படுத்தால் எப்படி வரும்? ஜூன் கடைசியோடு மூடிவிடலாம் என்று நினைப்பதாக முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்கு முன் ஒரு முயற்சி. ஆளுக்கொரு இரவு விருந்தாளியாகத் தங்கி, என்ன குறை என்று உண்மையைச் சொல்லவேண்டும்.

வரவேற்பில் இருக்கும் வில்பெர்த் முதலில் தங்கினான். அற்புதம் சார் என்றான். அடுத்து நான். அடுப்படியில் வாய் கிழியப் பேசுகிறவள், மெத்தைச் சூடு தாங்காமல் தரையில் புரண்டு விடிய விடிய விழித்திருந்துவிட்டு, காலையில் அவர் முன்னால் நின்று, ரொம்ப அருமை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை பயம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது லாண்டி, முன்பக்கத்துப் பெரிய அறை. மறுநாள் ஆறு மணிக்கு நான் சோளமாவோடு உள்ளே நுழைந்தால், அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். எங்கள் ஊரில் வேறு வீட்டில் தங்கப் போகும் எவரும் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். பையில் தன் தூளியைச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறாள். எதிரெதிரே இரும்பு வளையம், கை எட்டுகிற உயரம். தினமும் அதைத் துடைக்கிறவள் அவள். கொக்கி வைத்துவிட்டுத் தூளி போட மறந்துவிட்டார்கள் என்றே இரண்டு வருஷமாக நினைத்திருக்கிறாள். கட்டினாள், ஏறிப் படுத்தாள். வளையம் முறத்தளவு பூச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

முதலாளி வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விடப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“தானா விழுந்துச்சுன்னு சொல்லு. பூச்சு சரியில்லைன்னு நானும் சொல்றேன். வில்பெர்த்தும் சொல்வான்.”

“ஆமா அக்கா” என்றாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஒன்பது மணிக்கு ஃபாபியான் வந்தார். அறையைப் பார்த்தார். தரையில் கிடந்த வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பூச்சைக் குறை சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் லாண்டி, நான்தான் தூளி கட்டினேன் என்று சொல்லிவிட்டாள்.

“இது கொக்கி இல்லை. இது சிற்பம்” என்றார் அவர். நல்ல கோபம்.

“ஆமா சார்” என்றாள். பிறகு, “ஆனா சார்” என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

“குறை என்னன்னு கேட்டீங்க. இந்த வீட்ல தூங்க முடியாது சார். மெத்தைக்கு அடியில காத்து போகலை, முதுகு வேகுது. வர்றவங்க தூங்காம எழுந்து போறாங்க. நாங்க அருமை அருமைன்னு பொய் சொல்லிட்டு நிக்கிறோம். எல்சி அக்கா, வில்பெர்த், எல்லாரும்.”

பாவி, என் பெயரையும் சேர்த்து இழுத்துவிட்டாள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது.

அவர் முற்றத்துக்குப் போய் நின்றார். அரை மணி நேரம். வில்பெர்த் சிலுவை போட்டுக்கொண்டான். சுவேமியிடம் என்ன சொல்வேன் என்று லாண்டி என் காதருகில் முனகினாள். ஏழு மாதம் அக்கா, ஏழே மாதம் என்றாள். அவள் தலையிலிருந்து சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் கேட்டது எங்களில் யாரும் எதிர்பார்க்காத கேள்வி.

“வளையம் விழுந்த பிறகு நீங்க எங்க தூங்கினீங்க?”

துணி துவைக்கிற அறையில் என்றாள். அங்கே மட்டும் பழைய கொக்கி இரண்டு தப்பியிருந்தது, பூசியவர்கள் மறந்துபோன மூலை. அங்கே கட்டி, அடித்துப் போட்டமாதிரி தூங்கியிருக்கிறாள்.

ஃபாபியான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ரெண்டு வருஷமா இந்த ஊர்ல நான் ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கினதில்லை. மாத்திரை போட்டாலும் வரலை. வேலை பாரம்னு நெனச்சேன்.”

அதைக் கேட்டு லாண்டிக்கு அழுகை நின்றுவிட்டது. வாங்க சார் என்று முன்னால் நடந்தாள். அவர் தூளியில் ஏறி விறைப்பாக நீளவாக்கில் படுத்தார், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் படுக்கிற மாதிரி. “குறுக்கால படுங்க சார், இல்லைன்னா இடுப்பு ஒடிஞ்சிரும்” என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். காலால் சுவரை உதைத்து ஆட்டிக்கொள்ளச் சொன்னாள். நாலு ஆட்டம்கூட ஆகியிருக்காது. குறட்டை விட்டார்.

காலை ஒன்பதே முக்காலுக்குத் தூங்கியவர் எழுந்தது மதியம் ஒன்றரைக்கு. அதுவரை வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. போன் அடித்தால் வில்பெர்த் குசுகுசுவென்று பேசினான். கன்னத்தில் நூல் தடம் பதிய எழுந்து வந்து, கறுப்பு அவரை அடைத்துப் பொரித்த ரொட்டி ஐந்து சாப்பிட்டார். நான் எண்ணினேன். மூன்று துண்டு பப்பாளிக்காரர்.

சாப்பிட்டு முடித்து ஒரு கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். எவ்வளவு உயரத்தில் கொக்கி வைப்பது என்று லாண்டியையே கேட்டார். அவள் ஒவ்வொரு அறையிலும் கையைத் தூக்கிக் காட்ட, அவர் பென்சிலால் குறித்தார். ஆறு அறையும் முடிந்ததும் நன்றி சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டார். கேட்டால் தரமாட்டாரா? நானாக இருந்தால் ஒரு பட்டியலே போட்டிருப்பேன்.

“நவம்பர் வரைக்கும் எனக்கு வேலை உண்டுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்” என்றாள் லாண்டி.

எழுதிக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லையே என்று எனக்கு அன்று வயிறு எரிந்தது. அவளுக்குத் தெரியும் தனக்கு எது வேண்டும் என்று. விடுதி ஜூனில் மூடவில்லை. டிசம்பரில் அறை கிடைக்காமல் ஆட்களைத் திருப்பி அனுப்பினோம்.

பிப்ரவரியில் அவளுக்கு வீடு வந்தது. ஊர் எல்லையில், பஸ் கடைசியாக நிற்கும் இடம். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, மரம் ஒன்றும் முளைக்காத தெரு. சாவி வாங்கிய அன்று அவளும் சுவேமியும் நானும் போனோம். லாண்டி குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சுவேமி பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

என்னடி, கோபமா என்று நான் கதவைத் தட்டப் போனேன். லாண்டி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருக்கட்டும் அக்கா” என்றாள். “அது அவ ரூமு.”

வெறும் தரையில் கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சுவேமி தானாகத் திறக்கும்வரை அங்கேயே இருந்தோம்.