காலி அறையின் நாடி

எங்கள் ஆபீசில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். நாங்கள் புரோகிராம் எழுதும் சி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். யார் எங்கே அதைத் தவறவிட்டாலும் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கண்டுபிடித்துவிடுவார். அடுத்தவர் தப்பு என்றால் கழுகுக் கண். தன் தப்பு என்று வரும்போது எல்லாரையும் போலத்தான்.

அம்மா இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது சித்தி. அந்தச் சித்தி இப்போது இரண்டு தெரு தள்ளியிருக்கும் முதியோர் இல்லத்தில், ஆறாம் அறையில் இருக்கிறார். அங்கே ஒவ்வொருவர் விரலிலும் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கட்டிலோரம் இருக்கும் பெட்டி நாடியை எண்ணி, ‘அறை=6;நாடி=74’ என்பதுபோல ஒரு வரி அனுப்பும். அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுத்துத் திரையில் காட்டும் புரோகிராம் அரைப்புள்ளி எழுதியது. தன் கம்ப்யூட்டர் திரையிலும் அதை ஒரு மூலையில் திறந்தே வைத்திருப்பார். காலையில் வந்ததும் எட்டிப் பார்த்து, சித்தி நல்லாருக்காங்க என்பார். நேரில் போய்ப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நாடியைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி ஆகிவிடுமா?

ஏழாம் அறையில் இருந்த தையல்காரம்மா போன வாரம் இறந்துபோனார். அறையைக் கழுவி, மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். வழக்கமாகப் பெட்டியின் சுவிட்சையும் அணைப்பார்கள். இந்த முறை யாரோ மறந்துவிட்டார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது இல்லத்து நர்ஸ் அரைப்புள்ளிக்குப் போன் செய்தார். ஏழாம் அறைக்கு நாடி ஓடுகிறதாம். முதலில் மெஷின் கோளாறு என்று விட்டுவிட்டார்களாம். ஆனால் எண் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறுகிறது, இறங்குகிறது, உயிருள்ளவர் நாடி மாதிரியே. கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாராம்.

அவர் திரையின் மூலையைப் பார்த்தோம். ஏழு: 74. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 76 ஆனது. பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள். ஆனாலும் எனக்கு முதுகு சில்லிட்டது. சுருட்டி வைத்த மெத்தைக்கு நாடி எப்படி ஏறும்?

அரைப்புள்ளி, பெட்டிகள் அனுப்பிய வரிகளைத் திறந்தார். ‘அறை=7;நாடி=’. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. சிரித்துவிட்டார். எஸ்ஸ்கேன்எஃப் என்று ஒரு கட்டளை. வரியைத் துழாவி எண்ணை எடுத்து ஒரு டப்பாவில் போடும். எண் கிடைக்காவிட்டால் டப்பாவைத் தொடாது. முந்தின அறைக்குப் போட்டதே அதில் கிடக்கும். எத்தனை எடுத்தேன் என்று அது திருப்பிச் சொல்லத்தான் செய்கிறது. இவர்தான் கேட்டு வைக்கவில்லை.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல, சிஸ்டர். ஏழுல ஒண்ணும் கிடைக்காம ஆறுல எடுத்ததையே காட்டுது. நீங்க பாத்துப் பயந்தது எங்க சித்தியோட நாடி,” என்று சொல்லி போனை வைத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எங்களுக்கும் ஒரு பிரசங்கம் நடந்தது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறும் ஏழும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அது புரிந்தது. புரியாதது இன்னொன்று.

“அஞ்சும் அதேதானே காட்டுது?” என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, மூன்றும் 73. பிறகு மூன்றும் ஒன்றாக 75. வரிகளைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ‘அறை=6;நாடி=’. மறுபடி ‘அறை=6;நாடி=’. நேற்றுக் காலை வரைக்கும் அதேதான். இன்று வந்ததும் சித்தி நல்லாருக்காங்க என்று சொன்னது ஐந்தாம் அறைக்காரரின் நாடியைப் பார்த்துத்தான். சித்தி நேற்றே போயிருந்தாலும் இந்த மூலையில் இன்னும் நன்றாகத்தான் இருந்திருப்பார்.

போன் செய்யக்கூடத் தோன்றாமல் அவர் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். இல்லத்தின் தாழ்வாரத்தில் ஈ எறும்பு இல்லை. முன்மேசைத் திரையில் ஆறாம் அறைக்கு நாடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கைப்பிடியைப் பிடித்தவர் தள்ளாமல் அப்படியே நின்றார். நான்தான் தள்ளினேன்.

சித்தி தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. பிறகு போர்வைக்குள் ஏதோ அசைந்தது. மெதுவாகக் கை வெளியே வந்து விரிந்தது. உள்ளங்கையில் கிளிப் இருந்தது. சாப்பாடு கொடுக்க வந்தவர்களிடம்கூட அந்தக் கையைக் காட்டவில்லையாம்.

“நேத்துக் காலையிலயே கழட்டிட்டேன்டா,” என்றார். “இது நின்னா நீ ஓடி வந்துடுவேன்னு அந்த நர்ஸ் பொண்ணு ஒரு தடவ சொல்லுச்சு. நானும் ராத்திரியெல்லாம் வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அரைப்புள்ளி கட்டிலோரம் உட்கார்ந்து சித்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். சாயங்காலம் நர்ஸ் வந்து கிளிப்பை மாட்ட வேண்டும் என்று சொன்னபோதும் அவர் அந்தக் கையை விடவில்லை.