ஆறு மாத வெள்ளி

என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வேலை கிடைத்ததே அதனால்தான். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைத் தெரு ஒன்றில், மாடியில் இரண்டு அறைகளில் நடந்த பைனான்ஸ் கம்பெனி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதைச் சாக்கு என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கம்பெனியில் புரண்ட பணம் பெரும்பாலும் கடல் தாண்டி வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்த நம் பக்கத்து ஆட்கள் போட்டது. முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். அவர்தான் வாங்கி அனுப்புவார். எப்படி அனுப்பினார் என்று நான் கேட்டதில்லை. அந்த ஊர் டாலரை நம்மவர்கள் வெள்ளி என்பார்கள். எத்தனை வெள்ளி போட்டார்களோ அத்தனை வெள்ளியும் வட்டியும் ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாக ரசீது. முதலாளி அதை ரூபாயாக்கி உள்ளூர்ச் சேலை வியாபாரிகளுக்குக் கடன் கொடுப்பார். அவர்கள் கல்யாண மாதங்களில் சேலை விற்று, ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்து ஆடி அசைந்து கட்டுவார்கள்.

ஆறு மாதத்தில் கொடுக்க வேண்டியதை ஒன்றரை வருஷத்தில் வசூலித்தால் நடுவில் எப்படிச் சமாளிப்பது? அதற்குத்தான் என் கையெழுத்து. தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போது போட்டவர்களுக்குக் கடிதம் எழுதுவேன். ‘பணம் பத்திரமாக இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் விட்டு வையுங்கள்.’ சேலை முனையில் வெட்டிப்போடும் பட்டில் விரலகலத் துண்டு ஒன்றையும் உறைக்குள் வைப்பேன். அது முதலாளியின் யோசனை. ஊர்ப் பட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பார். அப்படித்தான் நடந்தது. அதனால் இரும்புப் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பட்டுத் துண்டு தீர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டோம். எங்களைத் தவிர வேறு யாரும் எந்த ஊரிலும் இப்படி ஒரு மடத்தனம் செய்திருக்க மாட்டார்கள்.

பணம் போட்டவர்களில் தென்னேரிப் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைக்கும் வேலை. நான் எழுதும் இரண்டு வரிக்கு அவர் இரண்டு பக்கம் பதில் எழுதுவார். பட்டுத் துண்டுகளை பைபிளில் அடையாளத்துக்கு வைத்திருப்பதாக எழுதினார். அப்பாவும் அம்மாவும் கடைசிவரை ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்றும், அதே ஊரில் தன் பேரில் ஓர் ஏக்கர் வாங்காமல் ஓயப்போவதில்லை என்றும் எழுதினார். அறுபத்தாறாம் வருஷம் சித்திரையில் வந்த கடிதத்தில், நிலம் அமைந்துவிட்டது, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஆவணி பிறந்ததும் பத்திரம், ஆடியில் முடியும் தவணையை இந்த முறை கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தது.

வைகாசியில் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒன்றரை ரூபாய்ச் சொச்சமாக இருந்த வெள்ளி ஏறக்குறைய இரண்டரை ரூபாய் ஆனது. நாங்கள் புதிதாக ஒரு காசு வாங்கவில்லை, ஆனால் கொடுக்க வேண்டியது ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வியாபாரிகளோ வாங்கிய ரூபாயைத்தான் தருவார்கள், அதுவும் அவர்கள் சௌகரியப்படி. கம்பெனி தாங்குமோ என்று சிங்கப்பூரில் பேச்சு கிளம்பி, பணத்தைக் கேட்டுக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. ஆடி வேறு வந்துகொண்டிருந்தது. ஆடியில் யார் கல்யாணச் சேலை வாங்குகிறார்கள்?

“எப்பவும் போல எழுதும்மா. ஒருத்தருக்குக் குடுத்தா அத்தினி பேரும் வந்து நிப்பாங்க” என்றார் முதலாளி.

எழுதினேன். பெட்டி காலி என்று தெரிந்தேதான் அந்தத் தென்னேரி அக்காவுக்கும் ‘பணம் பத்திரமாக இருக்கிறது’ என்று எழுதினேன். மனசு கேட்காமல் ஜரிகை ஓடிய துண்டாகப் பார்த்து வெட்டி வைத்தேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆடிக் கடைசியில் அவரே கப்பலேறி வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும். மாடியேறி வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நீதானாம்மா கடுதாசி எழுதற பொண்ணு? உன் எழுத்தப் பாத்துக்கினுதாம்மா நான் அங்க இருந்தேன்” என்றார்.

முதலாளி அவரை உட்காரச் சொல்லவில்லை. “பழைய ரேட்டுக்கு ரூபாயா வாங்கிக்க. அதுவும் தையிலதான் தர முடியும்” என்றார்.

“வெள்ளின்னுதானே எழுதிக் குடுத்தீங்க? சரி, பழைய ரேட்டே போடுங்க. ஆனா இப்பவே குடுங்க. ஆவணி பொறந்தா பத்திரம். இல்லாங்காட்டி அட்வான்ஸும் பூடும், நெலமும் பூடும்.”

“இருந்தா குடுக்க மாட்டனா? இந்தப் பொண்ணையே கேளு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பத்திரமா இருக்குதுன்னு எழுதினியேம்மா. எழுதறப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா” என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. பையிலிருந்து பைபிளை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டித் துண்டுகளை உருவி என் மேஜைமேல் வைத்தார். ஒன்பது துண்டுகள். ஜரிகைத் துண்டு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

“நீயே வெச்சிக்கம்மா. வேற யாருக்கானா அனுப்ப வேண்டி வரும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆவணியில் அந்த நிலம் வேறு ஒருவர் பேருக்குப் போனது. தை வந்தபோது எங்கள் கம்பெனியே இல்லை. அட்வான்ஸாகக் கொடுத்ததும் சேர்த்து அவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இதையெல்லாம் கேட்பவர்கள், “உண்மையைச் சொன்னாயே, அதுவே பெரிது” என்று என்னைத் தேற்றுவார்கள். அவர்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று சாயங்காலமே மலேசியாவில் ஈப்போவில் இருந்த ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. டப்பாவில் பட்டுத் துண்டு தீர்ந்திருந்தது. மேஜைமேல் அவர் வைத்துப்போனதில் மேலே இருந்த ஜரிகைத் துண்டை எடுத்து, பைபிளில் இருந்த மடிப்பை நகத்தால் நீவி, உறைக்குள் வைத்து ஒட்டினேன்.