பனி ஏரியில் காணும் பொங்கல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பழகி, மெட்ராஸ் துறைமுகம், குவைத் என்று சுற்றி அமெரிக்காவில் இந்த மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தேன். சிபாரிசு செய்ய ஒருவனும் கிடையாது. இங்கே பாலத்துக்கு இரும்பு வைத்தேன். வீடு கட்டினேன். சொந்த ஊரான மண்ணூரில் தம்பிக்கு மோட்டார் பம்பு போட்டுக் கொடுத்தேன். இதற்கெல்லாம் மேலாக நான் கட்டியது ஒன்று உண்டு: ஏரியில் காணும் பொங்கல்.

ஸ்டேட் பார்க் என்று அரசாங்கமே இங்கே ஏரியைச் சுற்றி மேசை, கூரை, கரியடுப்பு எல்லாம் வைத்துப் பராமரிக்கிறது. வெயில் காலத்தில் படகு, நீச்சல். தை மாதத்தில் தண்ணீர் பாறையாக இறுகிவிடும். அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துளை வழியே தூண்டில் விடுகிறார்கள். எங்கள் மண்ணூரிலோ காணும் பொங்கலன்று வீட்டில் கிடப்பவன் நோயாளி. வண்டி கட்டி வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்து, போகிற வருகிற ஜனத்தையெல்லாம் பார்த்துத் தீர்ப்போம். இங்கே வந்த நாங்களோ சர்ச்சுக்குக் கீழே ஒரு ஹாலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பொங்கலை ஒரே வேளையில் முடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்குக் காணும் பொங்கல் என்ற பெயரே தெரியவில்லை. ஏரிக்குப் போவோம் என்றேன். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவரான டாக்டர் சிரித்தார்.

"ஏகாம்பரம், இந்தக் குளிர்ல போனா அத்தனை பேருக்கும் நான்தான் ஊசி போடணும்."

என் மனைவி சரோஜாவும் அவர் கட்சி. "மீனே உள்ள பூந்துக்கினு கீது, நீ இன்னாய்யா மேல போய்க் குந்தலான்றே?"

ஒவ்வொரு வீடாகப் போய் நச்சரித்து, பொங்கலை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கிளப்பினேன். இது கெட்டால் இனி என்றைக்கும் ஹால்தான் என்று எனக்குத் தெரியும். பட்டுப்புடவைமேலும் வேட்டிமேலும் ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் வரிசையாக நின்றோம். பார்க்கைக் காவல் காக்கும் ரேஞ்சர் ஜீப்பில் பறந்து வந்தார். பஸ் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாராம்.

"யாருக்கு அடி?" என்றார்.

"அடி இல்லை சார். இன்றைக்குப் பார்க்கிற பண்டிகை."

"எதைப் பார்க்க?"

"எல்லாரையும். உங்களையும்தான்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் தயிர்ச்சோறு குளிரில் கல்லாகிவிட்டது. ஹாலுக்கே திரும்பலாம் என்று டாக்டர் கார் சாவியை எடுத்தார். நான் வெல்டு வைத்துக் கொண்டுவந்திருந்த இரும்புத் தகட்டைக் கரியடுப்பின்மேல் போட்டு, புளிச்சோற்றைப் பரப்பிப் புரட்டினேன். அடி காந்திய வாசம் ஏரி முழுக்கப் போனது. தூண்டில்காரர்கள் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். ரேஞ்சருக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. தட்டை மட்டும் விடவில்லை.

"மெளகாய ஓரமா வெச்சுட்டுத் துன்னச் சொல்லுய்யா, பாவம்" என்றாள் சரோஜா.

டாக்டர் சாவியைப் பையில் போட்டார். "காந்தல் இன்னும் கொஞ்சம் இருக்கா, ஏகாம்பரம்?"

அன்றிலிருந்து ஒரு தை தவறியதில்லை. இந்த வருடம் சங்கத்தின் பொங்கல் மலரைப் பிரித்தால், "டாக்டர் அவர்களின் முயற்சியால் தொடங்கிய ஏரி விழா" என்று அச்சாகியிருக்கிறது. மண்ணூரில் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள்; ஊரில் இல்லாதவன், நியாயம். இங்கே இருக்கிறேனே? வருடா வருடம் அந்த ரேஞ்சர் கூரைக்கு அடியில் பனியை வாரிவிட்டு, இடம் எங்களுக்கென்று காட்டப் பலகையில் சாக்பீஸால் "ஏகாம்பரம்" என்று ஆங்கிலத்தில் எழுதி வைக்கிறார். மலர்க்குழுவினரே, தமிழில் எழுத உங்களுக்கு என்ன தடை? அடுத்த மலரில் போடுங்கள்: காணும் பொங்கலை இந்த ஏரிக்குக் கொண்டுவந்தவன் மண்ணூர் ஏகாம்பரம், வெல்டர். டாக்டர் பெயரும் இருக்கட்டும். அதற்குக் கீழே.