டிராயிங் டீச்சர் போட்ட இரண்டாவது கையெழுத்து

அந்த நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கும் டிராயிங் டீச்சருக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. இருந்த ஒரே வியாதி வயிற்றெரிச்சல். அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை இல்லை. வியாதிக்குக் காரணம், மூன்று வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த சயின்ஸ் சார்.

அந்த மனுஷன் காலடி எடுத்து வைத்ததிலிருந்து பள்ளிக்கூடமே அவர் பின்னால் ஓடியது. போன பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்களேன். வினாடி வினாவில் முதலிடம். செடி வளர்ப்பில் கேடயம். மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட மழைமானி செய்து மெடல் வாங்கி வந்துவிட்டன. சரி, வாங்கிக்கொண்டு போகட்டும். ஆனால் அத்தனை சான்றிதழுக்கும் பெயர் எழுதுவது யார்? டிராயிங் டீச்சர்தான்! பெயர் வரும் இடம் மட்டும் காலியாக அச்சடித்து வரும். அதைப் பட்டை நிப்புப் பேனாவால் நிரப்புவது நெடுங்காலமாக அவர் தலையில் கட்டப்பட்ட வேலை. எவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறதோ அவருடைய வெற்றியைத் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதும் கொடுமை வேறு யாருக்கு வரும், சொல்லுங்கள்.

வீட்டில் புலம்பினால் கணவர் சிரிப்பார். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற மனுஷன், எதற்கும் அசரமாட்டார்.

"அந்த ஆளு உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டாரா? இல்லையே. அப்புறம் என்னம்மா?"

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. டீச்சர்ஸ் ரூம்ல எல்லாரும் அவரைச் சுத்தி உக்காந்திருக்காங்க. என் பக்கத்துல ஃபேன் மட்டும்தான் சுத்துது."

இதையெல்லாம்கூட டீச்சர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது குருவி விஷயத்தில்தான்.

குருவி ஏழாம் வகுப்புப் பெண். குச்சிக் கை, குச்சிக் கால், அதனால் அந்தப் பெயர். ஆனால் அந்தக் குச்சிக் கை பென்சிலைப் பிடித்தால் காகிதத்தில் மனிதர்கள் எழுந்து நடப்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் டீச்சருக்குக் கிடைத்த ஒரே கை அது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளை டிராயிங் ரூமுக்கு ஓடி வந்துவிடும். இந்தப் பருவத்தில் பாதியோடு அவள் வருகை குறைந்தது. ஒருநாள் அவள் விரலெல்லாம் கரி. படம் வரைந்த கரி என்று நினைத்து டீச்சர் பூரித்துப் போனார்.

"எங்கடி, காட்டு."

"படம் இல்ல டீச்சர். லேப்ல தண்ணி வடிகட்டி செய்யறோம். மணல், கரி, கூழாங்கல்லு எல்லாம் அடுக்கடுக்கா போடணும். சார் சொல்லித் தராரு."

அவ்வளவுதான். டீச்சருக்குப் பழைய வியாதி குப்பென்று பற்றிக்கொண்டது. ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் போதாதென்று இதையுமா!

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செயல்பாட்டு அட்டை உண்டு. அதில் இரண்டே கட்டம். பருவத்துக்கு இரண்டு போட்டிக்குமேல் யாரும் போகக்கூடாது. எந்தப் போட்டியோ அந்த ஆசிரியர் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை ஆபீசுக்குப் போய்விட்டால் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அட்டை கொடுக்கக் கடைசி நாளன்று குருவி ஓடி வந்தாள்.

"டீச்சர், ஓவியப் போட்டிக்குக் கையெழுத்துப் போடுங்க. இன்னொண்ணு சார்கிட்ட வாங்கணும். லேப் பூட்டியிருக்கு, எங்க வேன் வேற கிளம்பப் போகுது."

"வெச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

குருவி நம்பிப் போனாள். டீச்சர் பார்த்துக்கொண்டது எப்படித் தெரியுமா? முதல் கட்டத்தில் ஓவியப் போட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கட்டத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் அதிலும் சுவரொட்டிப் போட்டி என்று எழுதி, இன்னொரு கையெழுத்தைப் போட்டு, விறுவிறுவென்று ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சார் வந்தார். "குருவி அட்டையில ரெண்டும் நிரம்பிடுச்சாமே டீச்சர்?"

"பிள்ளைக்கு அதுலதான் ஆசை சார். அதுவே கேட்டுச்சு." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

சார், "அப்படியா. சரி, அதுவும் நல்லதுதான். நல்லா வரையற பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு சண்டைக்கு ராத்திரியே வசனம் தயார் செய்து வந்த டீச்சருக்குச் சப்பென்றாகிவிட்டது.

போட்டிகள் எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தன. ஓவியத்தில் குருவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாரோ பாதியில் கூப்பிட்டு எழுந்து போனதுபோல ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். சுவரொட்டியில் ஆறுதல் பரிசு. தண்ணீர் வடிகட்டியோ முதல் பரிசு! குருவியின் இடத்தில் கடைசி நேரத்தில் சேர்ந்த நெட்டையன் என்கிற பையன், கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினான்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ்க் கட்டு வந்தது. டீச்சர் மேஜையில் பரப்பினார். கூப்பிடாமலேயே குருவி வந்து எதிரில் உட்கார்ந்து, எழுத்து நேராக வரப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். நாலாவதாக வந்தது வடிகட்டிச் சான்றிதழ்.

"நெட்டையன் பேரு நீளம் டீச்சர். கொஞ்சம் நெருக்கி எழுதுங்க."

டீச்சர் இரண்டு எழுத்து எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்.

"குருவி, அந்த அட்டையில நான்..."

"தெரியும் டீச்சர். நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன்னு நீங்க சொன்னதா சார் சொன்னாரு." குருவி தலை நிமிரவில்லை. ஸ்கேலை அடுத்த சான்றிதழில் வைத்தாள். "நான் இல்லன்னு சொல்லல. ஆமான்னுட்டேன்."

இந்தப் பொடிசு டீச்சர் மானத்தைக் காப்பாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறதே! டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பாருங்கள், பாழாய்ப்போன மனசு, அந்த வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது: இனி இவள் யார் பக்கம்?

"அடுத்த பருவம் என்னடி செய்யப்போற?"

"அட்டை வந்ததும் நானே கொண்டுபோய்ச் சார்கிட்டக் குடுத்துடுவேன் டீச்சர்."

"ரெண்டு கட்டத்துக்குமா?"

குருவி கோட்டைக் கடைசிவரை இழுத்து முடித்தாள். சான்றிதழைத் திருப்பி டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டுக்கும்" என்றாள்.