சைனாவிலிருந்து தாராவிக்குத் திரும்பிய பர்ஸ்

காலை ஏழேகாலுக்கு மும்பை தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். திருப்பூரில் பதினான்கு பெண்களை வைத்து பனியன் தைத்துக் கொடுக்கிறேன். தானாகத் தைக்கும் மெஷின் வாங்கலாமா என்று இரண்டு மாதமாக ஒரே குழப்பம். தாராவியில் ஒருவர் வாங்கியிருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று மெஷின் ஏஜென்ட் முகவரி கொடுத்தார்.

மாட்டுங்காவில் இட்லியும் காப்பியும் தொண்ணூறு ரூபாய். அங்கிருந்து ஐந்து ரூபாய் டிக்கெட்டில் சயான். பிறகு நடைதான்.

பத்து மணிக்கு சுலைமான் பாயின் பட்டறை மாடிக்கு இரும்பு ஏணியில் ஏறினேன். மேலப்பாளையத்துக்காரர். முன்பு இங்கே பன்னிரண்டு பேர் தோல் பர்ஸ் தைத்தார்கள். கூலி கட்டுப்படாமல் வேலையைச் சைனாவுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து வாங்கி விற்றார். இப்போது வெட்ட ஒன்று, தைக்க ஒன்று என இரண்டு கம்ப்யூட்டர் மெஷின்களோடு இங்கேயே மறுபடி தொடங்கியிருக்கிறார்.

"சரக்கு கப்பல்ல வர ரெண்டு மாசம் ஆவும்மா. இனிமே காலைல ஆர்டர், சாயந்தரம் பர்ஸ்" என்றார்.

மூன்று மணிக்கு முதல் சாம்பிள், ஆர்டர் கொடுத்த கடைக்காரர் கைக்குப் போக வேண்டும். ஆனால் வந்த பர்ஸ் ஒவ்வொன்றும் மூலையில் சுருங்கியிருந்தது. பாய் கம்ப்யூட்டரில் நம்பர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். சுருக்கம் போகவில்லை.

பிசிறு வெட்டும் வேலைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட செல்வி ஓரமாக உட்கார்ந்திருந்தார். பழைய பன்னிரண்டு பேரில் ஒருவர். ஒரு பர்ஸை எடுத்து விரலால் நீவிப் பார்த்தார்.

"மெஷின பந்த் பண்ணுங்க பாய். ஒரு பக்கம் வயித்துத் தோலு, ஒரு பக்கம் முதுகுத் தோலு. வயித்துத் தோலு இழுபடும்லா?"

"சைனாவுல இதே மெஷின்தானேக்கா?"

"அங்க ரெக்சின். எங்க வெட்டுனாலும் ஒண்ணு போல இருக்கும். இது ஆட்டுத் தோலு."

செல்வி சாக்குக்கட்டியால் தோலில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தார். பாய் அதன்படி வெட்டவிட்டார். இரண்டேகாலுக்கு வந்த பர்ஸில் சுருக்கம் இல்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு பாயே ஸ்கூட்டரில் கிளம்பினார்.

"இனிமே பிசிறு வெட்ட நான் வரல பாய். மெஷின நான் ஓட்டுதேன். சொல்லிக் குடுங்க" என்று ஏணி உச்சியிலிருந்து குரல் கொடுத்தார் செல்வி.

பாய் வண்டியை நிறுத்தாமலே சிரித்தார். "நாளைக்கே உக்காருங்கக்கா!"

மற்றவர்களைப் பற்றிச் செல்வியிடம் கேட்டேன். "என்னோட நாலு பேரு வந்திருக்கோம். மிச்சப் பேருக்கு இங்க வேலை இல்ல. பொய் சொல்லுவானேன்?"

மாலை சயான் பிளாட்பாரத்தில் நின்றபோது என் குழப்பம் தீர்ந்திருந்தது. மெஷின் வாங்கத்தான் போகிறேன். ஆனால் ஆர்டர் கொடுக்குமுன் அந்தப் பதினான்கு பேரையும் உட்காரவைத்து, யார் யார் அதை ஓட்டப் பழகுகிறீர்கள் என்று கேட்பேன். எல்லோருக்கும் இடம் இருக்காது என்பதையும் என் வாயாலேயே சொல்வேன்.