மொட்டைத் தலைக்குச் சவுரி

எனக்கு முடி எலிவால். டைபாய்டு காய்ச்சலில் கொட்டியது, திரும்ப வளரவே இல்லை. சவுரியோடுதான் கல்யாணம், சவுரியோடுதான் வளைகாப்பு. எனக்கே வைத்து வைத்துப் பழகிப்போனதில், கீழ்வேளூர்ப் பக்கம் முடி மெலிந்த பெண்களுக்கு விசேஷம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உச்சி முடியோடு ஒப்பிட்டுச் சவுரி வாங்கக்கூடாது. நுனி முடியோடு, அதுவும் வெயிலில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கனமானதற்கு ஆசைப்படுகிறார்கள். மெல்லிய முடி அந்தக் கனத்தைத் தாங்காது; இருக்கிற நாலு முடியும் வேரோடு வந்துவிடும். தலைக்குக் குளித்த அன்று வைத்தால் வழுக்கும். பிடரிக்குக் கீழே கொஞ்சம் பின்னிவிட்டு அதற்கப்புறம்தான் சவுரியைச் சேர்க்க வேண்டும். இவ்வளவுதான்.

இதை நம்பித்தான் பெரிய வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. ஊர் நஞ்சையில் பாதிக்கு மேல் பெரிய வீட்டுடையது. நாங்களும் அவர்களிடம்தான் குத்தகை. சட்டத்துக்குத் தப்ப, மூத்த மருமகளின் ஸ்ரீதனம் என்று சொல்லி நல்ல மண்ணாகப் பார்த்து அவள் பெயரில் எழுதி வைத்தார்கள். எழுதிய கொஞ்ச நாளில் அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அதற்கப்புறம் அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. இப்போது விசாரணை அதிகாரி அவளை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

விசாரணை அன்று காலையிலேயே ஆள் வந்தது. இரண்டு சவுரியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணின் மாமியார்க்காரி வழி மறித்து நின்றாள்.

"பாத்ததை வெளியில சொல்லப்படாது. புரிஞ்சுதா?"

"என்னத்தம்மா பாக்கப் போறேன்? தலைதானே?"

அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

அந்தப் பெண் கீழே உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். தலையை மழித்திருந்தார்கள். விசாரணை என்று தெரிந்த பிறகு நாவிதரை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. வளர்ந்தது திட்டுத்திட்டாக நின்றது. கிழவிகளை அப்படிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எந்தக் காலத்துக் கொடுமையோ என்று நினைத்திருந்தேன். கடைத்தெருவில் வாரம் ஒரு கூட்டம் போட்டு விதவை மறுமணம், பெண் விடுதலை என்று மைக்கில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நாலு தெரு தள்ளி ஒரு சின்னப் பெண்ணை வழித்து வீட்டுக்குள் போட்டிருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்திருக்கிறது.

"என்னடி மசமசன்னு நிக்கறே? வைச்சு விடு."

"எதுலம்மா வைக்கிறது? சவுரி கட்டணும்னா நாலு முடியாவது வேணும். இது நிக்காது."

"உன் தலையில நிக்கறதோன்னோ?"

என் எலிவாலுக்கும் மொட்டைத் தலைக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் என்ன பேசுவது? கறுப்புத் துணி கேட்டேன். பட்டை மாதிரி கிழித்து, அதில் சவுரியைத் தைத்து, காதுக்குப் பின்னால் கட்டி, மேலே முந்தானையைப் போட்டால் ஒரு அரை மணி நேரம் ஒப்பேற்றலாம். கொண்டுபோன சவுரியை ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தலையோடு வைத்துப் பார்த்தேன். ஒன்று செம்பட்டை, இன்னொன்று அட்டைக்கரி. இரண்டும் சேரவில்லை.

மாமியார் உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். பிரித்தேன். முழங்கால் வரைக்கும் வரும் முடி, லேசான சுருள். தலையில் வைத்தேன். அப்படியே பொருந்தியது. எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறேன், இப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்ததே இல்லை.

"எங்கம்மா வாங்குனீங்க இத?"

"வாங்கலை," என்றாள் அந்தப் பெண். அதுவரை வாயைத் திறக்காதவள். "அது என்னோடதுதான்."

முடி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மாமியார் சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "நல்ல முடி. வீணாப் போவானேன்னு எடுத்து வச்சேன்."

அவள் அதிகாரிக்குப் பலகாரம் பார்க்கப் போனாள். நான் தைத்தேன். ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.

"அண்ணா தஞ்சாவூர்ல இருக்கான்," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "கூட்டிண்டு போக வந்தான். வாசலோட அனுப்பிட்டா. நிலம் என் பேர்ல இருக்காமே, நான் போயிட்டா அதுவும் போயிடுமாம். எனக்கு அவாத்து நிலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இங்கேருந்து போனாப் போறும்."

"அதிகாரிகிட்ட சொல்லுங்களேன்."

"பேச விடமாட்டா."

விதவைகள் கட்டும் நார்மடிப் புடவையை மாற்றி நீலப் புடவை கட்டிவிட்டார்கள். பின்னல் முன்னால் தொங்கியது. பார்க்க லட்சணமாக இருந்தது.

கூடத்தில் அதிகாரி பேப்பர்களை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆளுங்கட்சி வட்டச் செயலாளர், மறுமணம் பற்றி மைக்கில் முழங்கும் அதே ஆள், பெரிய வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் தூண் ஓரமாக நின்றேன்.

"சொல்லுங்கம்மா. இந்த நிலம் உங்களுதுதானா? நீங்கதான் பயிர் பண்றீங்களா?"

"ஆமாங்கறா," என்றாள் மாமியார். "அவளுக்குக் கூச்ச சுபாவம்."

"அவங்க சொல்லட்டும்மா."

அந்தப் பெண் முந்தானையைத் தள்ளினாள். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. நான் போட்ட முடிச்சு தெறித்தது. அந்த விரற்கடை முடியிலும் கொஞ்சம் பிய்ந்துகொண்டு வந்தது. பின்னலைத் தரையில் போட்டாள். நெற்றியோரம் ரத்தம் பூத்தது.

"இப்படி வச்சிருக்கற பொண்ணைப் பயிர் பண்றாளான்னு கேக்கறேளே. என்னை எங்க அண்ணாகிட்ட கொண்டு விட்டுடுங்கோ சார். அப்புறம் எதுல வேணா கையெழுத்துப் போடறேன்."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. வட்டம் டம்ளருக்குள் எதையோ தேடினார். "குடும்ப விஷயம் சார், நாம எதுக்கு..." என்று ஆரம்பித்தார். இந்த ஆளுக்கு என் புருஷன் ஊர்வலமெல்லாம் போயிருக்கிறான். அதிகாரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து, "ஜீப்புல ஏறுங்கம்மா" என்றார்.

அவள் ஏறிவிட்டாள். செருப்புக்கூடப் போடவில்லை, தலையை மூடவும் இல்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது.

ஜீப் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் மாமியார் என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்றாவது நினைத்தேன்.

"கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருந்தா இவ்வளவு அவமானம் வந்திருக்குமாடி?"

இன்றுவரை என்னால் அந்தக் கேள்வியை ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறாள்.

"இறுக்கித்தான் கட்டினேன்," என்றேன். "பிச்சிக்கிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு."